நாற்பதாம் நாள் கோதுமை

கப்பலிலிருந்து இறங்கிய சுற்றுலாக் கூட்டத்தைத் தலை எண்ணிப் பேருந்தில் ஏற்றிவிட்டு, ஸ்தமாத்தா டிரைவரின் காதருகே குனிந்தாள்.

"இன்னிக்கு ஸ்கினாரிக்கு ஏறறோம்."

நிக்கிஃபோரோஸ் வாயருகே கொண்டுபோன காபியை அப்படியே நிறுத்தினான். "காலங்காத்தால ஏன் தாயே வயித்துல புளியக் கரைக்கிற? கோயில், படுத்த சிலை, பாலாடைக்கட்டிக் கடை, கடல்ல ஒரு முங்கு, திரும்பக் கப்பல். வருஷம் பூரா நாம பாடுற பாட்டு அதானே. நடுவுல ஸ்கினாரி எங்கேருந்து முளைச்சுது?"

"டிக்கியில ஒரு தட்டு வச்சிருக்கேன். அப்பாவோட நாப்பதாம் நாள் கோதுமை. வளைவுல பாத்து ஓட்டு, சரிஞ்சிடப் போகுது."

நிக்கிஃபோரோஸ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். "அத நேத்தே சொல்லக் கூடாதா?"

"நேத்துச் சொல்லியிருந்தா இன்னிக்கு உனக்குக் காய்ச்சல் வந்திருக்கும்."

அது அவனுக்கும் தெரியும். வண்டியைக் கிளப்பினான்.

கிரேக்கத்து நாக்ஸோஸ் தீவில் ஒருவர் இறந்து நாற்பதாம் நாள் கோதுமையை வேகவைத்து, மாதுளை முத்தும் வாதுமையும் திராட்சையும் கலந்து, மேலே சர்க்கரைப் பொடியைத் தூவிக் கோயிலுக்குக் கொண்டு போவார்கள். பூசை முடிந்ததும் ஊரார் ஆளுக்கொரு கை வாங்கிச் சாப்பிட்டு, 'கடவுள் அவனை மன்னிக்கட்டும்' என்று சொல்வார்கள். அவ்வளவுதான் சடங்கு. ஆனால் அந்த வார்த்தையை ஊர் சொல்ல வேண்டும். கோதுமை மிஞ்சிக் கிடந்தால், செத்தவன் கணக்கில் மன்னிப்பும் வராமல் கிடக்கிறது என்று அர்த்தம்.

ஒன்பதாம் நாளும் இதே சடங்குதான்; அன்று அப்பாவின் சொந்த ஊரான ஸ்கினாரிக்கு அவள் கொடுத்தனுப்பிய கோதுமை மிஞ்சியது. பாதிரியார் ஒரு கை, மெழுகுவத்தி விற்கும் கிழவி ஒரு கை. ஊரில் வேறு யாரும் வாசலைத் தாண்டி வரவில்லை. மீதியைக் கோழிக்குக் கொட்டினேன் என்று பாதிரியாரே போனில் சொன்னார். "கோயிலத் திறந்து வைக்கிறது என் வேலம்மா. ஆளக் கூட்டிட்டு வர்றது என் கையில இல்ல," என்றார். நாற்பதாம் நாள் கோதுமை கோழிக்குப் போகாது என்று ஸ்தமாத்தா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

ஊருக்கு அவ்வளவு கோபம் வரும்படி அவளுடைய அப்பா யக்கூமிஸ் என்ன செய்தார்? கொலை இல்லை, களவு இல்லை. ஒரே ஒரு வாக்கியம் பேசினார். இருபது வருஷத்துக்கு மேல் தினமும் பேசினார்.

யக்கூமிஸ்தான் இந்தத் தீவின் முதல் கைடு. மனுஷனுக்கு நான்கு மொழி தெரியும், கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மனைவி இறந்து ஒரு வருஷம் துக்கம் காத்துவிட்டு, ஆகஸ்ட் திருவிழாவில் வயலின்காரனிடம் போய் அவளுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டார். அங்குள்ள வழக்கப்படி, தனக்காகக் கேட்டு வாங்கிய பாட்டுக்குக் கேட்டவன்தான் ஆட வேண்டும். அவன் கைகாட்டிக் கூப்பிடும்வரை வேறொரு கால் அந்தக் களத்தில் படக்கூடாது. கறுப்புச் சட்டையோடு அவர் கையை விரித்து, கண்ணை மூடி, இரண்டு அடி வைத்திருப்பார். காபிக்கடை சிதேரிஸ், குடித்த ஒயின் தலைக்கேறி, விசிலடித்துக்கொண்டு நடுவில் குதித்து அவர் தோளில் கையைப் போட்டுவிட்டான். வேறு ஊரில் இதற்குக் கத்தி எடுத்திருக்கிறார்கள். யக்கூமிஸ் கத்தி எடுக்கவில்லை. பாட்டு பாதியில் இருக்கும்போதே பதினைந்து வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த வாரமே துறைமுகத்துக்கு வீடு மாறினார்.

அதற்குப் பிறகு மைக்கை எடுத்தார். ஸ்கினாரிக்குக் கீழே மலைச்சாலை வளையும் இடத்தில் பேருந்தை மெதுவாக விடச் சொல்லி, ஜன்னல்களைத் திறக்கச் சொல்லி, சத்தத்தை முழுசாக ஏற்றி, நான்கு மொழியிலும் சொல்வார்: மேலே தெரிவது ஸ்கினாரி, அங்கே பார்க்க ஒன்றுமில்லை. பள்ளத்தாக்கு அதை வாங்கி ஊருக்குள் கொண்டுபோய்ப் போடும். அவரிடம் தொழில் கற்ற அத்தனை பேரும் அதையே ஒப்பித்தார்கள். எந்தப் பேருந்தும் மேலே ஏறவில்லை. பக்கத்து ஊர்கள் ஓட்டலும் கடையுமாகச் செழித்தபோது ஸ்கினாரியில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது.

அவர் குரல் கம்மிப்போனதும் மைக் மகள் கைக்கு வந்தது. வாக்கியமும் வந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் யக்கூமிஸைப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் மனுஷன் முன்சீட்டில் வந்து உட்கார்ந்து, வளைவு வந்ததும் மகள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் சொன்னாள். தன் அம்மாவைப் புதைத்திருக்கும் ஊரைக் காட்டி, அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று ஆறு வருஷம் சொன்னாள். 'அந்த மலையேறினா என் வீட்டுக்குத் திரும்பி வராத' என்று அப்பா சொல்லியிருந்ததால் அம்மா கல்லறையில் ஒரு மெழுகுவத்திகூட ஏற்றியதில்லை. கடைசியில் அந்த மனுஷனே சாகும்போது, என்னை அவ பக்கத்துலயே போட்டுடு என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பெட்டியைச் சுமக்கத் துறைமுகத்திலிருந்து கூலிக்கு ஆள் பிடித்துப் போக வேண்டியிருந்தது.

தானிய தேவதை டெமீட்டரின் பழங்கோயிலைக் காட்டி முடித்து, எல்லோரும் தண்ணீர் குடித்து சீட்டில் சாய்ந்ததும் ஸ்தமாத்தா மைக்கை எடுத்தாள்.

"உங்க பயணத் திட்டத்துல போடாத ஒரு இடத்துக்கு இப்பப் போறோம். எங்கப்பா செத்து இன்னிக்கு நாப்பதாம் நாள். அவருக்காகக் கோதுமை சமைச்சிருக்கேன். ஊர்க்காரங்க சாப்பிட மாட்டாங்க. நீங்க சாப்பிடணும். சாப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லணும். அத இப்பக் கத்துக்கலாம்."

முன்சீட்டில் யோஹானா என்று ஒரு டச்சுக்காரி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எல்லாவற்றையும் குறுக்குக் கேள்வி கேட்டே காலையிலிருந்து உயிரை வாங்கியவள். கையைத் தூக்கினாள்.

"உங்கப்பா நல்லவரா?"

"நல்ல கைடு," என்றாள் ஸ்தமாத்தா.

"நான் அதக் கேக்கல."

"தெரியுது. அதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல."

யோஹானா கையை இறக்கினாள். பிறகு, "சரி, வார்த்தைய மெதுவாச் சொல்லுங்க," என்றாள். சொல்லித் தந்தாள், சொன்னார்கள். கொரியத் தம்பதி நாக்கைச் சுழற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். பின்சீட்டில் ஒரு பிரேசில் பையன்கள் கூட்டம் அதைப் பாட்டாகவே ஆக்கிவிட்டது. ஸ்தமாத்தா நிறுத்தவில்லை. நான்கு தடவை, ஐந்து தடவை, உச்சரிப்பு ஓரளவு தேறும்வரை விடவில்லை.

வளைவு வந்தது. நிக்கிஃபோரோஸ் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான். அவள் பழக்கத்தில் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினாள். சத்தத்தை முழுசாக ஏற்றி, தாய்மொழியில், மலையைப் பார்த்துச் சொன்னாள்: "ஸ்கினாரி, யக்கூமிஸோட பொண்ணு பேசறேன். மேல வர்றேன்."

"போச்சு, கல்லெடுத்து வச்சுக்கிட்டு நிப்பாங்க," என்று முனகிக்கொண்டே நிக்கிஃபோரோஸ் ஸ்டியரிங்கை ஒடித்தான். கழுதை போக வெட்டிய பாதையில் யாரோ தார் ஊற்றியிருந்தார்கள். பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு, ஒரு திருப்பத்துக்குப் புனித நிக்கோலஸையும் அடுத்த திருப்பத்துக்கு ரோடு போட்ட காண்டிராக்டர் குடும்பத்தையும் மாறி மாறி அழைத்துக்கொண்டு அவன் ஏறினான். வலதுபக்கம் உட்கார்ந்தவர்கள் பள்ளத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

கல்லோடு யாரும் நிற்கவில்லை. யாருமே நிற்கவில்லை. கோயில் முற்றத்தில் ஒரு பூனை, சாத்திய ஜன்னல்கள், அடைத்த காபிக்கடை. ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் கிரேக்க ஊரில் காபிக்கடை அடைத்துக் கிடந்தால் அது முகத்தில் காறித் துப்பியதற்குச் சமம். இழவுக்கு வந்தவர்கள் கோதுமை சாப்பிட்டுவிட்டுக் காபியும் பிராந்தியும் குடிப்பது அங்கேதான். நாற்காலிகளை அடுக்கிச் சங்கிலி போட்டிருந்தது. ஒரே ஒரு நாற்காலி மட்டும் வெளியே. அதில் சிதேரிஸ் உட்கார்ந்து மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். மீசை முழுக்க வெளுத்துவிட்டது. அவளைப் பார்த்தார், மணியை உருட்டுவதை நிறுத்தவில்லை.

பாதிரியார் கோயில் வாசலுக்கு வந்தார். பேருந்திலிருந்து கூட்டம் இறங்க இறங்க அவர் வாய் பிளந்துகொண்டே போனது.

"இவ்வளவு பேரா? பாதிப் பேருக்குக் காலே மூடலியேம்மா."

"துண்டு கொண்டு வந்திருக்காங்க சாமி, கடலுக்குன்னு. சுத்திக்குவாங்க."

சுற்றிக்கொண்டார்கள். மீன் படமும் பீர் விளம்பரமும் போட்ட துண்டுகளை இடுப்பில் கட்டிக்கொண்டு கோயிலுக்குள் வரிசையாக நின்றார்கள். ஸ்தமாத்தா தட்டை மேசையில் வைத்து, நடுவில் மெழுகுவத்தி செருகினாள். சர்க்கரைமேல் வெள்ளி மிட்டாயால் அப்பாவின் பெயரின் முதலெழுத்தைப் பதித்திருந்தாள். மலையேறியதில் அது ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பாதிரியார் தூபம் காட்டிப் பாடினார். அவள் நிமிர்ந்து நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. செத்த நாளிலிருந்தே வரவில்லை.

பிறகு முற்றத்தில் தட்டை வைத்துக்கொண்டு காகிதப் பைகளில் அள்ளித் தந்தாள். யோஹானாதான் முதல். ஒரு கரண்டி வாயில் போட்டு மென்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பவள்போல் நிமிர்ந்து சொன்னாள்: "கடாவுள் அவனே மன்னிகட்டும்."

அடுத்து கொரியக்காரர் குனிந்து வணங்கிச் சொன்னார். அவர் மனைவி சொன்னாள். பிரேசில் பையன்கள் இப்போது பாடவில்லை, ஒவ்வொருவனாக வந்து தணிந்த குரலில் சொன்னான். ஊமையாகக் கிடந்த முற்றத்தில் உடைந்த கிரேக்கத்தில் அந்த வார்த்தை திரும்பத் திரும்ப விழுந்தது. ஒரு ஜன்னல் விரியத் திறக்காமல், விரல்கடை மட்டும் திறந்தது. ஸ்தமாத்தா அதைக் கவனித்தாள். கரண்டியை நிறுத்தவில்லை.

எல்லோரும் வாங்கி முடித்தபோது தட்டில் பாதி மீந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேரே காபிக்கடை வாசலுக்குப் போனாள். நிக்கிஃபோரோஸ் பின்னாலிருந்து, "வேண்டாம் தாயே," என்றான். அவள் காதில் வாங்கவில்லை.

"சிதேரிஸ் மாமா, ஒரு கை எடுத்துக்குங்க."

அவர் மணிமாலையைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார். "நல்ல வேடிக்கை காட்டுற. இவங்க மன்னிச்சு என்னத்துக்கு ஆகும்? இவங்களுக்கு உங்கப்பன் என்ன பண்ணினான்? கோயிலக் காட்டினான், போட்டோ புடிச்சு விட்டான். இவங்க மன்னிக்க அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

"இங்கிலீஷ்ல சொல்லவா? ஜெர்மன்ல சொல்லவா? அங்கே பார்க்க ஒன்றுமில்லை. நாலு பாஷைலயும் எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடமே போகாதவன் நான், உங்கப்பன் சொல்லிக் குடுத்தான். என் மக டூரிஸ்டுக்கு அறை கட்டி விட்டா, ரெண்டு கோடைக்கு ஒரு ஆள் வரல. பொட்டியக் கட்டிக்கிட்டு ஏதென்ஸ் போயிட்டா. பேரப் புள்ளைங்க போன்ல பேசுதுங்க. அந்த வாக்கியம்கூட கடைசி ஆறு வருஷம் உன் குரல்லதான் கேட்டுது."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"நான் ஆடினது தப்பு," என்றார் பிறகு, தரையைப் பார்த்து. "உங்கம்மா பாட்டுன்னு தெரியாது. குடிச்சிருந்தேன். விடிஞ்சதும் தெரிஞ்சுபோச்சு. நீங்க வீடு மாறினப்புறம், மழைக்காலத்துல, துறைமுகத்துக்கு இறங்கி வந்தேன், மன்னிப்புக் கேக்க. கதவத் தட்டினேன். மழை. நனைஞ்சுக்கிட்டே நின்னேன். மறுவாரமும் வந்தேன். தவக்காலத்துலயும் வந்தேன். உள்ள வெளிச்சம் இருக்கு, கதவு மட்டும் தொறக்கல. மூணு தடவைக்கு மேல ஒரு மனுஷன் எப்படித் தட்டுவான்?"

ஸ்தமாத்தாவின் கையில் தட்டு கனத்தது. மெதுவாக அதை அவர் காலடிப் படியில் வைத்தாள்.

"அது நீங்களா?"

"பின்ன யாரு?"

"அப்பா தெருநாய் பிறாண்டுதுன்னாரு. நாய் அப்படித் தட்டாதுன்னு எனக்குத் தெரியும். தாழ்ப்பாள் மேல கை வச்சேன். 'கைய எடு'ன்னாரு. எடுத்துட்டேன்."

இருபது வருஷத்துக்கும் மேலாக ஊரில் ஒருவர்கூட வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அப்பா சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்திருந்தார். அதை நம்பித்தான் அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். இப்போது அப்பாமேல் வந்த கோபத்தில் அவளுக்குக் காது அடைத்தது.

சிதேரிஸ் குனிந்து தட்டைப் பார்த்தார். கோணலாகக் கிடந்த எழுத்தைப் பார்த்தார். "நீ சொன்னியா?" என்றார்.

"என்ன?"

"அந்த வார்த்தைய. இத்தன பேருக்கு ஒப்பிக்கக் கத்துக் குடுத்தியே. நீ ஒரு கை தின்னுட்டுச் சொன்னியா?"

அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் அம்மாவும் அப்பாவும் ஒரே கல்லுக்கு அடியில் கிடந்தார்கள். பதினைந்து வயதிலிருந்து அந்தக் கல்லை அவளுக்குக் காட்டாமல் வைத்திருந்த மனுஷனுக்காகத்தான் இத்தனையும் செய்திருந்தாள். பேருந்தை மலையேற்றி, அந்நியர்களிடம் பிச்சை எடுத்து, எல்லாவற்றையும் செய்திருந்தாள். அந்த ஒன்றைத் தவிர.

"வரல," என்றாள்.

"உனக்கே வரலைன்னா எனக்கு எங்கேருந்து வரும்?" அவர் குரலில் குத்தல் இல்லை.

பேருந்திலிருந்து நிக்கிஃபோரோஸ் ஹாரன் அடித்தான். கப்பல் நேரத்துக்குக் கிளம்பிவிடும். ஸ்தமாத்தா திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டி அவனை அடக்கினாள். பிறகு படியில், அவர் நாற்காலிக்குக் கீழே, சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு காகிதப் பைகளில் கோதுமையை நிரப்பினாள். ஒன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மற்றதை நீட்டினாள்.

"கப்பல் போனா போகட்டும். இத நீங்க வாங்கற வரைக்கும் நான் எழுந்திரிக்கப் போறதில்ல."

"அப்படியே அவன் பொண்ணு."

"அவர் பொண்ணுதான். அவர் கதவத் தொறக்கல. நான் வந்து உக்காந்திருக்கேன்."

நீட்டிய கை வலித்தது. அவள் மடக்கவில்லை. வண்டி கிளம்பிவிடக் கூடாதென்று யோஹானா பேருந்துப் படியில் நின்று, ஏற வந்தவர்களை ஏறவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தாள். ஹாரன் மறுபடி கேட்கவில்லை.

சிதேரிஸ் பையை வாங்கினார். கரண்டி வேண்டாம் என்று விரலாலேயே அள்ளினார். வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"தனியாச் சொல்ல எனக்கு வராது. உனக்கும் வராது. சேந்து சொல்லிப் பாப்போமா?"

அவள் தலையசைத்தாள். இருவரும் மென்றார்கள். மாதுளை புளித்தது, சர்க்கரை மீசையில் ஒட்டியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார், அவள் சேர்ந்துகொண்டாள். "கடவுள் யக்கூமிஸை..." அந்தப் பெயர் வந்ததும் அவர் குரல் உடைந்தது. அவள் குரல் உடையவில்லை. விடாமல் பிடித்துக்கொண்டு அவரையும் இழுத்துப் போய் முடித்தாள். "மன்னிக்கட்டும்."

மாடி ஜன்னல் ஒன்று தடாலென்று திறந்தது. கறுப்பு முக்காடு போட்ட ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "ஸ்தமாத்தா, எனக்கு முட்டி வலி, படி இறங்க முடியாது. மேல கொண்டு வா," என்றாள்.

ஸ்தமாத்தா தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லாததால் அப்படியே அழுதுகொண்டு, அந்த வீட்டுப் படியேறினாள்.